பிள்ளைகள் எனக்கு வாசித்துக் காட்டிய தாள்

ரெண்டு வருடத்துக்கு முன்னால், வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டச் சேர்ந்த புதிதில், அவர்கள் கொடுத்த பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பொய். கையெழுத்து மட்டும்தான் போட்டேன். மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். பஸ் போர்டில் 'ஜங்ஷன்' என்று இருந்தால் அடையாளம் தெரியும். பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் கண்ணைக் கட்டிவிடும். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

அன்றைக்கு வேன் டிரைவர்கள், ஆயாக்கள், வாட்ச்மேன், வெளியிலிருந்து விளையாட்டு சொல்லித்தர வருகிறவர்கள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பிள்ளைகளிடம் யாரும் தப்பாக நடந்துவிடாமல் இருக்க, பெரியவர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று பாடம். நான் கடைசி பெஞ்சில் பக்கத்து டிரைவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தாளைக் கொடுத்த தலைமை ஆசிரியை, வாசித்தீர்களா என்று கேட்டார். மனப்பாடமே ஆகிவிட்டது என்றேன். சரி, திங்கட்கிழமை ஒவ்வொரு விதியாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டேன். வேனில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், இதைக் கொஞ்சம் வாசி என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

அவள் சத்தமாக வாசித்தாள். மூன்றாவது விதி, பிள்ளைகளைத் தேவையில்லாமல் தொடக்கூடாது, கன்னத்தைக் கிள்ளக்கூடாது. மொத்த வேனும் என்னைப் பார்த்தது. வண்டி ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் கிள்ளி அனுப்புவது என் வழக்கம். யூகேஜி படிக்கிற ஒரு பிள்ளை ரெண்டு கன்னத்தையும் கையால் பொத்திக்கொண்டுதான் ஏறும். எனக்கு விளையாட்டு காட்டுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பின்னாலிருந்து அது மெதுவாகச் சொன்னது: "எனக்கு வலிக்கும் மாமா."

மறுநாளிலிருந்து என் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமைக் கேள்வி முடிந்த பிறகும் பிள்ளைகள் விடவில்லை. வண்ணார்பேட்டை நெரிசலில் வண்டி நின்றாலே தாளை எடுத்துப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். பெரியவர்களுக்கென்று எழுதிய தாள் அது. பெரியவர்கள் எதைச் செய்யக்கூடாது என்பது, என் படிப்பின் லட்சணத்தால், வேனில் இருந்த அத்தனை பிள்ளைக்கும் தெரிந்துபோனது.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. எப்போதும் சளசளக்கிற ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. தச்சநல்லூர் நெருங்கும்போது கேட்டான்: "மாமா, பெரியவங்க நம்மள ரகசியமா வச்சுக்கச் சொல்லக் கூடாதுன்னு தாள்ல இருக்குல்லா?" சிலம்பம் சொல்லித்தர வருகிற மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் தனியாக ஆற்றுக்கு வரச்சொல்லியிருக்கிறார். நீச்சல் சொல்லித்தருவாராம், வாட்ச் வாங்கித்தருவாராம், வீட்டில் சொல்லக்கூடாதாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக் அடித்தேன். "ஒனக்கு யோகம்லே, எனக்கு ஒருத்தனும் வாட்ச் தர மாட்டேங்கான்" என்றேன். அந்த மாஸ்டரும் நானும் தினம் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். அவரைத் தப்பாக நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. பையன் முகம் சுருங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாய் நீளப் பிள்ளை சத்தம் போடாமல் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஒம்பதாவது விதி. பிள்ள சொன்னா சிரிக்கக் கூடாது. நம்பணும். ஒடனே போய்ச் சொல்லணும்."

அன்றைக்கு எனக்கு வியர்த்த மாதிரி எந்த வெயிலிலும் வியர்த்ததில்லை. இன்னொரு தடவை சிரித்திருந்தால் அவன் பிறகு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போயிருப்பான். வண்டியைத் திருப்பினேன். வேன் ஆயா எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, வர நேரமாகும் என்றாள். பள்ளி வாசலில் பையனிடம், "எய்யா, நான் சிரிச்சது தப்பு. வா, டீச்சர்ட்ட சேந்து சொல்லுவோம்" என்றேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

தலைமை ஆசிரியை அவனைத் துருவித் துருவிக் கேட்கவில்லை. பொறுமையாகக் கேட்டார், நீ சொன்னது நல்ல காரியம் என்றார், அப்பா அம்மாவை வரவழைத்தார், அன்றைக்கே போலீசுக்கும் சொன்னார். அதற்குப் பிறகு மாஸ்டர் பள்ளிக்குள் கால் வைக்கவில்லை. முன்னால் வேலை பார்த்த இடத்திலும் இப்படி ஒரு புகார் வந்து, பேர் கெட்டுவிடும் என்று சத்தமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அங்கே ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டார். பையன் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நீச்சலை அப்புறம் அவன் அப்பாவே கற்றுக்கொடுத்தார்.

இனிமேல்தான் என் கதை. ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கில் என்னைப் பற்றித் தலைமை ஆசிரியை என்ன சொன்னார் என்றால்...

எங்கள் வீட்டு வாசலில் வேன் ஆயா வந்து நிற்கிறாள். "அண்ணாச்சி, ஒங்க பெருமைய பொறவு பேசலாம். பள்ளிக்கூடம் விடப்போவுது, வண்டிய எடுங்க."

போகவேண்டும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பையன்தான் தாளை வாசித்துக் காட்டுகிறான். அந்த யூகேஜி பிள்ளை ரெண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. கன்னத்தைப் பொத்தாமல், ரெண்டு கையையும் வீசிக்கொண்டு அது என் வண்டியில் ஏறும்போது எனக்கு வருகிற கர்வத்தை, பெட்டியில் கிடக்கிற பொன்னாடை ஒருநாளும் கொடுத்ததில்லை.