அக்கா சொன்ன ஆமாம்

வெட்டுப்பட்ட புளியமரத்துக்கு ஒரு வாசனை உண்டு. பச்சை மரத்தூளின் துவர்ப்பும் கசங்கிய கொழுந்தின் புளிப்பும் கலந்து, முகர்ந்தவுடனே நாக்கின் ஓரத்தில் எச்சிலை ஊறவைக்கிற வாசனை. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் ஒரு நாள் காலை, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், எங்கள் காலனிக்குப் பக்கத்தில் மறியலுக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் வரிசையாகக் குறுக்கே விழுந்து கிடந்தன. அதுவரை அண்ணாந்து பார்த்து மட்டுமே ஏங்கிய உச்சிக்கொழுந்தெல்லாம் காலடிக்கே வந்துவிட்ட சந்தோஷத்தில், பிள்ளைகள் நாங்கள் பாவாடை மடியில் பறித்துப் போட்டு, உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றோம். பெரியவர்களுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. பஸ் வராது, வேலைக்குப் போக முடியாது, ஊருக்குள் எந்த நேரத்தில் என்ன நடக்குமோ தெரியாது. "காலம் சரியில்ல, வூட்டாண்டயே கெடங்க" என்று எங்களை அதட்டிக்கொண்டே அவர்களும் சாலையை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். 'சலுகை', 'சதவீதம்', 'பட்டியல்' என்ற சொற்கள் டீக்கடை ரேடியோவிலும் கிணற்றடிப் பேச்சிலும் புரண்டுகொண்டிருந்த காலம். நீ யார், எந்த ஜாதி, உனக்கு எவ்வளவு என்று நாடே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்து, என் அக்காவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

நாங்கள் 'வேதக்கார வூடு'. தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். எங்கள் காலனியில் அப்படிப்பட்ட வீடுகள் பாதிக்கு மேல் இருந்தன. வேதக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பெயர்கள். அக்காவுக்குக் கோயிலில் எஸ்தர், பள்ளிக்கூடத்தில் செல்வி. கிறிஸ்தவர் என்று பதிந்துவிட்டால் ஆதிதிராவிடருக்கு உண்டான சலுகை கிடைக்காது, பிற்பட்டோர் பட்டியலில் தள்ளிவிடுவார்கள் என்பதால், பள்ளியில் சேர்க்கும்போதே அப்பாக்கள் எல்லோரும் 'இந்து' என்று சொல்லி எழுதவைத்துவிடுவார்கள். வாத்தியார்களுக்கும் அது தெரியும். "ஞாயித்துக்கெழம வேதம், திங்கக்கெழம ஜாதி" என்று எங்கள் தெருவில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த கசப்பு எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அக்கா எங்கள் காலனியிலேயே பன்னிரண்டாவது தேறிய முதல் பெண். டீச்சர் டிரெயினிங்கில் சேரவேண்டும் என்பது அவளுடைய ஆசை என்பதைவிட எங்கள் எல்லோருடைய ஆசை என்பதே சரி. அப்பா ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைக்கிற வேலை பார்த்தார். வெயிலில் கொதிக்கிற சிமெண்டுக் களத்தில் நடந்து நடந்து அவருடைய பாதங்கள் வெடித்துப் பிளந்திருக்கும். "எம்பொண்ணு நிழல்ல நின்னுக்கினு சம்பாதிக்கணும்" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

அந்தக் கோடையில்தான் கோயிலில் 'திடப்படுத்தல்' வகுப்பு நடந்தது. குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் தூக்கிவந்து ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள், வளர்ந்தபிறகு சபை நடுவில் எழுந்து நின்று, இந்த விசுவாசம் என்னுடையதுதான் என்று தம் வாயாலேயே சொல்கிற சடங்கு அது. பதினைந்து வயதிலேயே முடித்திருக்க வேண்டியதைப் படிப்பு படிப்பு என்று தள்ளிப்போட்டிருந்தாள் அக்கா. சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஓட்டுக் கோயிலில் பாயை விரித்து வகுப்பெடுப்பார். அக்காவோடு நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். விசுவாசப் பிரமாணத்தைப் படிக்கும்போது அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாரும் ஒண்ணா நின்னுதானங்க ஐயா சொல்றோம்? அப்புறம் ஏன் விசுவாசிக்கிறோம்னு இல்லாம, விசுவாசிக்கிறேன்னு வருது?"

உபதேசியார் கொஞ்சம் யோசித்தார். "கூட்டத்துல ஒளிஞ்சிக்கக் கூடாது பாரு, அதுக்குத்தான்" என்றார்.

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

டிரெயினிங்குக்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும் என்று அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தார். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் உள்ளபடியே கொடுத்துவிடுவார்களாம். போராட்டம் வலுத்த பிறகு மேலிடத்தில் கெடுபிடி அதிகமாகிவிட்டது, வருவாய் ஆய்வாளர் நேரிலேயே வந்து விசாரிப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, திடப்படுத்தலை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"சாமி எங்கியும் போவாது. சீட்டு போயிடும்."

அப்பாவே மறுபடி பேசினார். அவளிடம் பேசுவதுபோல இல்லை, யாரோடோ சண்டை போடுவதுபோல இருந்தது. "நம்ம தாத்தன் வேதத்துல சேந்ததுக்கு டீக்கடையில கிளாச மாத்திட்டானா? இன்னிக்கும் எனக்குத் தனி கிளாசுதான். அதெல்லாம் மாறல, சலுகை மட்டும் ஏன் மாறணும்? நாம யார ஏமாத்தறோம்?"

"நீ சொல்றது நியாயம்பா" என்றாள் அக்கா. "சட்டம் போட்டவன் செஞ்சதுதான் தப்பு. ஆனா என்ன நேராக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"இந்துன்னு சொல்லு. ஒரு வார்த்த."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இரண்டு பேர் பக்கமும் மனசு இழுத்தது என்று இப்போது நினைக்கிறேன். விசாரணை நாளன்று காலையில் அவளே குங்குமச் சிமிழைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து, அக்காவின் கையில் கொடுக்காமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஆய்வாளர் நல்ல மனிதர். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தை கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில் அவர் மோர் குடித்ததே தெருவில் பேச்சாகிவிட்டது. அத்தையின் மகன் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அவர்களும் வேதக்காரர்கள்தான், அவனுக்கும் இதே சான்றிதழ்தான் வேண்டும் என்பதால் அத்தை நாற்காலியை ஒட்டியே நின்றாள். அக்கா வெளியே வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நல்ல மார்க்கு வாங்கியிருக்கியேம்மா" என்றார் ஆய்வாளர். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நீங்க இந்துதான?"

அப்பா, "ஆமாங்க சார்" என்றார்.

"பொண்ணு சொல்லட்டும்."

அக்கா தாவணி முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் கிறிஸ்டீன் சார்."

அப்பா, "அவளுக்கு வெவரம் பத்தாதுங்க சார்" என்று முன்னால் வந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "யோசிச்சிச் சொல்லும்மா. நான் எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது. கோயிலுக்கு ஏதோ ஆசைக்குப் போறதா இருந்தா, அது வேற" என்றார். அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

"ஆசைக்கு இல்லீங்க சார். நான் இயேசுவ நம்பறேன்."

அவர் தெருவைப் பார்த்தார். "அப்ப இந்தத் தெருவுல மத்தவங்கல்லாம்?"

ராக்கம்மா அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க என்னக் கேட்டீங்க சார், நான் என்னப் பத்திச் சொன்னேன். மத்தவங்களுக்கு நான் எப்படிங்க சார் சொல்ல முடியும்?"

ஆய்வாளர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அத்தை மண்ணை வாரி இறைத்தாள். "ஒருத்தி வாயால தெருவே நாசமாப் போவுது! எம்புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி பாவி!" அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அன்றிலிருந்து அக்கா பரிமாறினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அவளைக் கூப்பிட வேண்டியிருந்தால், 'அந்த செல்விய வரச்சொல்லு' என்று என்னிடம் சொல்வார். பள்ளிக்கூடப் பெயர் வீட்டுக்குள் அதுவரை வந்ததே இல்லை. அக்கா வேலைகளையெல்லாம் எப்போதும்போலச் செய்தாள். ஆனால் துணி துவைக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அழுவதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

மரங்கள் விழுந்து கிடந்தது அதற்கு அடுத்த மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திடப்படுத்தல். திருக்கோவிலூரிலிருந்து வரவேண்டிய போதகர், எங்கள் பேச்சில் ஐயர், பஸ் நின்றுபோவதற்கு முன்பே கள்ளக்குறிச்சிக்கு வந்து தங்கிவிட்டாராம். அங்கிருந்து காலையில் சைக்கிளில் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். வயதான மனிதர், அங்கியைப் பையில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தார். முதல் மரத்தருகே வந்து, சைக்கிளை எப்படித் தாண்டிக் கொண்டுவருவது என்று தெரியாமல் நின்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, சாலையோரம் குந்தியிருந்த அப்பா எழுந்து போனார். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கிளைகளுக்குள் புகுந்து, மரம் மரமாகத் தாண்டினார். குச்சியும் சிராயும் கிழித்து முழங்காலில் ரத்தம் வழிந்தது. கடைசி மரத்துக்கு இப்பால் சைக்கிளை இறக்கி வைத்தபோது ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க யாரு வூடுங்க?" என்றார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் எஸ்தரோட அப்பாங்க" என்றார்.

நான் மடியிலிருந்த கொழுந்தையெல்லாம் கொட்டிவிட்டு, அக்காவிடம் சொல்ல ஓடினேன்.

கோயிலுக்குள் அப்பா வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேம்பில் கட்டித் தொங்கிய தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அதுதான் எங்கள் கோயில்மணி. திடப்படுத்தலுக்கு நின்றவர்கள் ஆறேழு பேர். ஐயர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். அக்காவின் முறை வந்தது. ராக்கம்மா அத்தை கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "விசுவாசிக்கிறேன்" என்று அக்கா சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

அன்று மத்தியானம் அக்கா பரிமாறிய தட்டின் முன்னால் அப்பா உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே, "இன்னும் செத்த கொழம்பு ஊத்துடி" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சீட்டு கிடைக்கவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. கிறிஸ்தவர் என்று வந்த சான்றிதழுக்கு அவள் மார்க் போதவில்லை. ஆய்வாளர் அக்காவைப் பற்றி மட்டும்தான் எழுதினார், தெருவைத் தொடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அத்தையின் மகனுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தை ஒரு நூல் புடவையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மழைக்காலம் முடிந்ததும் அப்பாவே அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். மலைப்பிள்ளைகளுக்காகச் சபை நடத்திய சின்ன விடுதியில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பேன் பார்க்கவும் சோறு போடவும் போனவள், சாயங்காலங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்ல அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சராகவே ஆகிவிட்டாள். அரசாங்கக் கணக்கில் அவள் எந்தக் காலத்திலும் டீச்சர் இல்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஓட்டுக் கோயில் போய், ஒலிபெருக்கி வைத்த பெரிய கட்டடம் வந்திருக்கிறது. பாடுகிற பாட்டு சுவரில் வெளிச்சமாக விழுகிறது. பாய் விரித்து நடந்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கேட்பதற்குப் பதிலாக, வரிசையாக நிற்கவைத்து ஒரே குரலில் சொல்லச்சொல்லி முடித்துவிடுகிறார்கள். அரசு உறைவிடப்பள்ளி வந்தபிறகு வெள்ளிமலை விடுதியையும் மூடிவிட்டார்கள். சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இன்றும் இரண்டு பெயர்கள்தாம். அவர்களில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அக்காவும் ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்கா இன்னும் மலையிலேயே இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்: எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா என்று. முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இல்லாம இருக்குமா? ஜூன் மாசத்துல பள்ளிக்கூடம் தொறக்கறப்பல்லாம் வரும். போர்டு, சாக்பீசு, அட்டெண்டன்சு எடுக்கறது... எல்லாம் கண்ணுல வந்து நிக்கும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஆனா ஒண்ணு பாரு. இயேசுவ நம்பறேன், ஆமான்னு ஒரே ஒரு வாட்டிதான் சொன்னேன், முடிஞ்சிபோச்சி. இல்லன்னு சொல்லியிருந்தா, ரிட்டயர் ஆவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்திருக்கணும்."