தவிடு போடாத பதினோரு நாள்

பதினோராம் நாள் காலையில் கழிவுநீர் ஏரேஷன் டேங்கின் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. மேனேஜர் புது கெமிஸ்ட் ரெஜினாவிடம் சத்தம் போட்டார்.

“இன்னாம்மா இது? அடுத்த வாரக் கடைசில இன்ஸ்பெக்‌ஷன். தண்ணி தெளியலன்னா கம்பெனிய மூடிடுவாங்க. உனக்கு இன்னும் வேலை கன்ஃபர்ம் கூட ஆகல.”

நான் டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோவர் பக்கம் நின்றிருந்தேன். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

ஆம்பூரை அடுத்த தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் ஆபரேட்டர் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. டேங்கிலுள்ள பாக்டீரியா கழிவைத் தின்றால்தான் தண்ணீர் தெளியும். தினமும் ஒரு பக்கெட் அரிசித் தவிடு கரைத்து ஊற்றினால் அது நன்றாகத் தின்னும் என்று அனுபவத்தில் கண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ரெஜினா வந்த மூன்றாம் மாதம் முதலாளி வந்தார். தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் தூக்கிப் பார்த்து, “மேடம் வந்தப்புறம்தான் தண்ணி தண்ணி மாதிரி இருக்குது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பதினெட்டு வருடத்தில் எனக்காக ஒருவரும் தட்டியதில்லை. மறுநாள் தவிட்டு மூட்டையை ஷெட் மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். படிப்பு என்ன செய்கிறது, பார்க்கலாம் என்றிருந்தேன்.

மேனேஜர் போனதும் ரெஜினா என்னிடம் வந்தாள்.

“அண்ணா, காத்து சரியா போவுது. பாக்டீரியாவுக்குத் தின்ன கழிவு ஜாஸ்தியாவே கெடக்குது. ஆனா தின்ன மாட்டேங்குது. முன்ன இருந்த எதுவோ ஒண்ணு இப்ப கம்மி. உங்களுக்கு எதனா தெரியுமா?”

தார்ப்பாயை விலக்கினேன். “தவிடு, மேடம். நிறுத்திட்டேன்.”

“ஏன்?”

மூட்டையின் வாயை அவிழ்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. தவிட்டைக் கையில் அள்ளினாள்.

“செல்லுக்குள்ள கழிவ உடைக்கிறது என்சைம். அதுல பலது தனியா வேலை செய்யாது. கூட கோஎன்சைம் வேணும். உடையிற கழிவுலேந்து எலக்ட்ரானை வாங்கிட்டுப் போய் ஆக்சிஜன் பக்கம் சேர்த்துட்டு, வெறுங்கையோட திரும்பும். மறுபடி வாங்கும். அந்த கோஎன்சைம் உண்டாக பாஸ்பரஸ் வேணும். தோல் கழிவுல அது கம்மி. தவிட்டுல இருக்குது.”

எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. பதினெட்டு வருடம் நான் ஊற்றியதற்கு அவள் ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லிவிட்டாள்.

தவிட்டோடு அவள் அளந்து கொடுத்த பாஸ்பாரிக் ஆசிடும் சேர்த்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் தண்ணீர் தெளிந்தது. மேனேஜரிடம், “தவிடு முருகேசன் அண்ணா கண்டுபிடிச்சது சார்” என்றாள்.

“நீயாப்பா? வாயத் தொறந்து சொன்னா இன்னா?”

நான் நிறுத்தியதை அவள் சொல்லவே இல்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அந்த மனசு அவளுக்கு இருக்கிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டேங்கில் எதைப் போட்டாலும் லாக் புக்கில் எழுதிவிடுங்கள். போடாமல் விட்டால் அதையும் எழுதுங்கள்.