வினோலியாவுக்கு எடுத்த லேப்டாப்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சகாயத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் மோட்டார் இல்லை என்று அர்த்தம். போர்வெல் மோட்டார் புகைந்து போனால் முல்பாகல் விவசாயி முதற்கொண்டு பேத்தமங்கலத்துக் கோழிப் பண்ணைக்காரர் வரை ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் அவர் பட்டறைக்குத்தான் வருவார்கள். மற்றவர்கள் கம்பி சுற்றிக் கொடுத்தால் அடுத்த கோடை வரைக்கும் ஓடும். சகாயம் சுற்றினால் சொந்தக்காரர் மாறினாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

படிப்பு ஆறாவதோடு சரி. மீசை அரும்பும் வயதில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். சுரங்கம் மூடிய பிறகு கூட வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் பெங்களூருக்கு ரயிலேறி, யார் யாருடைய கேட்டிலோ வாட்ச்மேன் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். சகாயம் போகவில்லை. காயலான் கடையில் எரிந்துபோன மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். பிரித்துப் போட்டு, செம்புக் கம்பி எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவர் என்று ஒருவரும் கிடையாது.

அவர் ரயிலேறவில்லை, அவர் மனைவி வினோலியா ஏறினாள். பட்டறை நிமிரும் வரைக்கும் அரிசி வேண்டுமே. பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்து வரும் சட்டைகளில் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. பட்டறை நிமிர்ந்தது, வீட்டுக்கு மாடி ஏறியது, மகள் ஜாய் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். வினோலியா மட்டும் விடியுமுன் சாம்பியன் ஸ்டேஷனுக்கு நடப்பதை நிறுத்தவில்லை. இவ்வளவு சம்பாதித்த மனிதன் பெண்டாட்டியை இன்னும் வேலைக்கு அனுப்புகிறானே என்று டீக்கடையில் ஒருவர் வாய்விட்டே கேட்டார். சகாயத்துக்கு அது முள்ளாகத் தைத்தது. அவளுடைய முட்டி வலியைச் சாக்காக வைத்துப் பேசிப் பேசி, இந்த ஈஸ்டரோடு அவளை வேலையிலிருந்து நிற்க வைத்துவிட்டார். இனிமேல் அவள் வீட்டில் ராணி மாதிரி இருப்பாள் என்று அதே டீக்கடையில் அறிவித்தும் விட்டார்.

ராணி சும்மா உட்கார்ந்திருந்தாள். சில வாரம் கழித்து மகளிடம் போனில் அவள் சொன்னது சகாயத்தின் காதில் விழுந்தது.

"வேலைய வுட்டிருக்கக் கூடாதுடி ஜாய். திருப்பிக் கேட்டா சேத்துப்பாங்க. பாக்கலாம்."

அவள் திரும்பப் போனால் டீக்கடையில் சொன்ன சொல் என்ன ஆவது என்பது ஒன்று. அவள் ஒரு நாளும் தன்னிடம் வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை என்பது இன்னொன்று. அவராகவே வாங்கிக் கொடுத்தார். துணி துவைக்கும் மெஷின் வாங்கினார். அதன்மேல் ஒரு பூத்துண்டை விரித்துவிட்டு அவள் கல்லில்தான் துவைத்தாள். பட்டுப் புடவை வாங்கினார். பீரோவுக்குள் போனது வெளியே வரவில்லை. கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே அவளுக்குப் பொழுது போகிற மாதிரி ஒரு பொருள் கொடுத்துவிட்டால் ரயில் நினைப்பே வராது என்று கணக்குப் போட்டார். இந்தக் காலத்துக்கு அது லேப்டாப்தான். எடுத்துக் கொடுத்து அவளும் அதைக் கையில் எடுத்தால் வீட்டோடு நிற்பாள். பீரோவுக்குள் போனால் அவள் ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள்.

கடைவீதியில் ஷெர்வின் என்பவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். சகாயம் உள்ளே போய், இருப்பதிலேயே பெரியதாக, கெட்டியாக, விலை கூடுதலாக ஒன்று எடுக்கச் சொன்னார். ஷெர்வின் நாலைந்தை மேசைமேல் திறந்து வைத்தான். சகாயம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், காற்று வெளியேறும் ஓட்டையில் கை வைத்துப் பார்த்தார். எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிற ஒன்று அம்மிக்கல் கனம் கனத்தது. அதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்.

"யாருக்கு அங்கிள்?" என்று கேட்டான் ஷெர்வின்.

"வீட்டுக்காரிக்குதான். வீட்டு உபயோகத்துக்கு."

"வீட்ல இன்னா உபயோகம்? சிலர் படம் பாப்பாங்க, சிலர் டைப் அடிப்பாங்க, சிலர் பேரப் புள்ளைங்களோட பேசுவாங்க. ஆன்ட்டி இன்னா பண்ணுவாங்கன்னு சொல்லுங்க. அத வெச்சிதான மெஷினு."

சகாயம் சிவப்பு விளக்கை மேசைமேல் இறக்கி வைத்தார். இது அவருடைய சொந்தக் கேள்வி. பெரிய மோட்டாராகக் கொடுங்கள் என்று மடியில் பணத்தோடு வருகிற விவசாயியை அவர் முதலில் கேட்பதே போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதுதான். தெரியாது என்று விழித்தவர்களை, போய் அளந்துகொண்டு வா, அப்புறம் மோட்டார் பேசலாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டுப் பட்டறையில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். இப்போது அவரே அளக்காமல் வந்து நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவளுக்கு விடிந்தால் என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அவளிடமே கேட்டுவிடலாம். கேட்டால் பரிசு என்ன ஆவது? தவிர, கேட்டு வாங்குவது அவருக்குப் பழக்கமும் இல்லை. வெயில் ஏறின பிறகு எழுவதுதான் அவர் வழக்கம்; உழைத்துச் சம்பாதித்த உரிமை அது. மறுநாள் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து, வினோலியா எழுந்த சத்தம் கேட்டதும் தானும் எழுந்து சமையலறைக் கதவோரம் வந்தார்.

உள்ளே ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் வினோலியா மட்டும்தான் இருந்தாள். எண்ணெய் டப்பாவில் போன் சாய்ந்திருந்தது, போனுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவளோடு ஒரே பெட்டியில் போய்வந்த பெண்கள் அதற்குள் நெருக்கியடித்து இருந்தார்கள். மமதா என்கிற சின்னப் பெண் போனை உயரப் பிடித்திருந்தாள். அங்கே ஒருத்தி மடியில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கே வினோலியா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கேட்டதும் விஷயம் விளங்கியது. அந்தப் பெட்டியில் ஒரு முறை உண்டு. உட்கார்ந்து வந்தவள் மாலூரில் எழுந்து, நின்று வந்தவளுக்கு இடம் விட வேண்டும். மறுநாள் அதுவே மாறும். இந்த முறையைக் கொண்டுவந்தவள் வினோலியா. அவள் பார்வை பட்டால்தான் எழுந்திருப்பார்கள். அவள் வேலையை விட்டு நின்ற மறுவாரமே சீட்டுக்குச் சண்டை வந்து, அன்றிலிருந்து தினமும் பங்காருபேட்டை தாண்டியதும் இவளைக் கூப்பிடுகிறார்கள். வேலையை விட்டாளே தவிர அவள் ரயிலை விட்டிருக்கவில்லை.

ஆனால் சிரமப்பட்டாள். பின்வரிசை முகம் தெரியாமல் போனை மூக்குவரை கொண்டுபோனாள். ரயில் இரைச்சலில் ஒரு சொல் கேட்டால் இரண்டு சொல் கேட்கவில்லை. கை வைத்ததும் போன் சரிந்து பூண்டுத் தோலுக்குள் விழுந்தது. பின்வரிசை ஷைலா எழுந்தாளா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சூடேறி அணைந்தும் போனது. வினோலியா அதை முந்தானையில் துடைத்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

சகாயம் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை. ரயிலை மறக்கடிக்கத்தான் அவர் பொருள் தேடினார். அவளுக்கு வேண்டியதோ ரயில் நன்றாகத் தெரிகிற பொருள். முகங்கள் தெளிவாகத் தெரிந்தால் ஆசை கூடி நேரிலேயே கிளம்பிவிட மாட்டாளா? சிவப்பு விளக்குக்காரனையே வாங்கிப் போட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் ஆழம் தெரிந்த பிறகும் ஆகாத மோட்டாரைக் கட்டி அனுப்புகிறவன் மோசக்காரன். சகாயம் அந்த வேலையை ஊரானுக்கே செய்ததில்லை.

அன்று கடையில் அவர் தடுமாறவில்லை. ஒரு ரயில் பெட்டி நிறைய முகம் தெரிய வேண்டும், சத்தம் தூக்கலாக வேண்டும், கேமரா தெளிவாக வேண்டும், கரண்டு போனாலும் நிற்கக் கூடாது, அடுப்படியிலிருந்து தொட்டிப் பக்கம் ஒரு கையால் நகர்த்துகிற கனம்தான் இருக்க வேண்டும் என்றார். சிவப்பு விளக்கை ஷெர்வின் தானாகவே மூடி எடுத்து வைத்தான். மீதி இருந்ததையும் சகாயம் சும்மா நம்பிவிடவில்லை. ஷெர்வினைப் போனோடு வீதிக்கு அனுப்பி, ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பேசச் சொன்னார். கல்லாவில் தான் உட்கார்ந்து கேட்டார். முதலாவதில் ஆட்டோ மட்டும் கேட்டது. இரண்டாவதில் ஷெர்வின் கிணற்றுக்குள்ளிருந்து பேசினான். மூன்றாவதில் அவன் பேச்சோடு, பக்கத்து சீட்டு அம்மாள் இன்னும் எத்தனை பேரைத்தான் ஏற்றுவாய் என்று டிரைவரைத் திட்டினதும் தெளிவாக வந்து சேர்ந்தது. அதைக் கட்டச் சொன்னார். இப்படி ஓட்டிப் பார்த்து லேப்டாப் வாங்கின ஆள் அந்த வீதியில் அதற்கு முன் இல்லை என்று ஷெர்வினே ஒத்துக்கொண்டான்.

கல்யாண நாளன்று மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு வந்ததும் லேப்டாப் பெட்டியை அவள் முன்னால் வைத்தார். வினோலியா திறந்து பார்த்தாள், விரலால் ஓரத்தைத் தடவினாள், பழையபடி மூடினாள்.

"இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குங்க? ஜாய் வந்தா ஆவும். உள்ள வெச்சிடறேன்."

பீரோ பக்கம் நாலடி நடந்தும் விட்டாள்.

"உள்ள வெச்சிட்டா மாலூர்ல ஷைலாவ யாரு எழுப்பறது?" என்றார் சகாயம்.

அவள் நின்றாள். பெட்டியோடு திரும்பினாள்.

"எப்ப பாத்தீங்க?"

"பாத்தேன்."

"பாத்துட்டு சும்மா கீறீங்க?"

"சும்மா எங்க கீறேன்? கைல வெச்சிகினு நிக்கிறியே, அது இன்னா?"

பீரோவுக்குப் போகாமல் பெட்டியைக் கட்டிலின்மேல் வைத்தாள். சாயங்காலம் ஷெர்வின் வந்து எல்லாம் போட்டுக் கொடுத்து, எந்த இடத்தில் தொட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் லேப்டாப் அடுப்பு மேடையில் நிமிர்ந்து நின்றது. ரயில் பெட்டி முழுவதும் அதில் தெரிந்தது. வினோலியா ஒரு தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"பார்வதம்மா, தூங்கற மாதிரி நடிக்காதீங்க. இமை ஆடுது. மாலூர் வந்துட்சி, எழுந்திருங்க."

இத்தனை நாள் ஜன்னலோரம் கண்ணை மூடியே தப்பித்து வந்த பார்வதம்மா எழுந்தாள். பெட்டியே சிரித்தது. தெளிவாகத் தெரிவது இரண்டு பக்கத்துக்கும்தானே. பனியனோடு கதவோரம் நின்ற சகாயத்தை மமதா பார்த்துவிட்டாள்.

"மாமா, இன்னா அங்க ஒளிஞ்சிகினு கீறீங்க? அக்காவத் திருப்பி அனுப்புங்க. இங்க யாரும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

சகாயத்திடம் எதற்கும் பதில் தயாராக இருக்கும். அன்று அவர் வினோலியாவின் பக்கம் திரும்பினார். அவள் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"அவர இன்னாத்துக்குடி கேக்கற? வர்றதுனா நான் வருவேன். அங்க நின்னுகினு வந்தப்ப எனக்குக் கடைசி சீட்டு தெரிஞ்சதே இல்ல. இங்கேர்ந்து எல்லாம் தெரியுது. முட்டியும் வலிக்கல."

பிறகு திரும்பாமலே கையை வீசி அவரை விலகச் சொன்னாள்.

"கொஞ்சம் அந்தாண்ட போங்க. லைட்ட மறைக்கிறீங்க."

சகாயம் அந்தாண்டை போனார். அந்தப் பெண்கள் இறங்குகிற ஒயிட்ஃபீல்டு வரும்வரை அவளை அந்த இடத்திலிருந்து அசைக்க முடியாது என்று தெரிந்ததும், பக்கத்து அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்குத் தானே பால் வைத்தார்.