மூப்பர் நேசமலர் கை உயர்த்தவில்லை

முகாமுக்குத் தண்ணீர் கொண்டு போகும் பவுசர் சாரதி ஒருவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். வவுனியாவில் நான் தங்கியிருக்கும் வீட்டின் படலையைத் தட்டி, வாகனத்தின் எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார். "ஐயா, உங்கட சபை ஆள் ஒராள் மோசம் போட்டாவாம். நேசமலர் எண்டு பேர் சொல்லச் சொன்னவை." இந்த வருடம் படலையைத் தட்டுகிறவர்கள் நல்ல காரணத்துக்குத் தட்டுவதில்லை. என்னைத் தேடி வரவில்லை, சாவுச் செய்திதான் என்று அறிந்ததும் ஒரு கணம் மூச்சு வந்தது. அதன் பிறகுதான் யாருடைய சாவு என்பது உறைத்தது. வாசற்படியிலேயே இருந்துவிட்டேன்.

காய்ச்சலாம். போர் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து வயதானவர்களை விட்டபோது நான் வெளியே வந்தவன். அடக்கத்துக்கு மீண்டும் உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை. உள்ளே மிஞ்சியிருந்த மூப்பர் தேவசகாயம் ஜெபம் சொல்லி அடக்கினாராம். குழிமேட்டில் நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூலைக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் கிளிநொச்சிச் சபையாரே, இது உங்களுக்கு.

சமாதானம் வந்த புதிதில் நான் அந்தச் சபைக்குப் போதகனாகப் போனேன். எங்களுடையது பிரஸ்பித்தேரியன் மரபு. எங்களுக்குப் பேராயர் கிடையாது. சபையார் தங்களுக்குள்ளிருந்தே மூப்பர்களைத் தெரிவு செய்வார்கள். மூப்பர்களும் போதகரும் கூடினால் அது மூப்பர் மன்றம். மன்றம் எடுப்பதே முடிவு. போதகர் தலைமை தாங்கலாம், வாக்களிக்க முடியாது. இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவன்தான் நான். ஆனாலும் ஆலயத்து முன்வளவில் நின்ற வேப்பமரம் கூரை ஓட்டை உடைக்கத் தொடங்கியபோது, இதற்கு மன்றம் எதற்கு என்று நானே ஓர் ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிவிட்டேன்.

நேசமலர் அக்கா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மல்லாவியிலிருந்து மாற்றலாகி வந்தவர், விதவை, என்னைவிட இளையவரானாலும் ஊருக்கே அக்கா, எங்கள் ஐந்து மூப்பர்களில் ஒரே பெண். வேலைக்குப் போகும் வழியில் கோடாலிச் சத்தம் கேட்டுச் சைக்கிளை நிறுத்தினார்.

"ஆர் வெட்டச் சொன்னது?"

"நான்தான் அக்கா."

"நீங்கள் ஆர், ஐயா?"

மரம் வெட்ட வந்தவர் சிரித்தே விட்டார். எனக்கு முகம் எரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. "குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஒராள் நினைக்கிறது உங்கட நினைப்பு. நாங்கள் இருந்து கதைச்சாத்தான் அது சபையின்ர முடிவு." அன்று மாலை மன்றம் கூடியது. மரத்தை வெட்டலாம் என்று முதலில் கை உயர்த்தியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அவரேதான்! எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது, "வெளிச்சம் நல்லா வருது, என்ன ஐயா?" என்றார்.

பிறகு சமாதானம் போனது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகும் காலம் வந்தது. பிடித்தவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கோ எதை எழுதினாலும் யாரோ வாசிக்கிறார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே குழி வெட்டிப் பிள்ளையை ஒளித்தவர்களையும், கலியாணம் முடித்தவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பி மீசை அரும்பாத மகனுக்கு அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தவர்களையும் நாம் கண்டோம். ஒருநாள் சில தாய்மார் என்னிடம் வந்தார்கள். ஆலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் தங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்திருக்க இடம் கேட்டார்கள். ஓம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். எனக்கு வாக்கில்லை என்பதற்காக வாழ்க்கையில் முதல் தடவை கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மன்றம் கூடியது. ஒவ்வொருவரும் வேத வசனம் சொல்லிப் பேசினார்கள். நேசமக்கா வசனம் சொல்லவில்லை.

"என்ர வீடு பக்கத்து வளவு. இஞ்ச தேடி வந்தால் அடுத்தது என்ர வீடுதான். என்ர மகள் ஷாலினியை இவ்வளவு காலமும் ஒருத்தற்ற கண்ணிலயும் காட்டாமல் வைச்சிருக்கிறன். எனக்குப் பயமா இருக்கு. நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன்."

அந்த அறையில் எல்லோருக்கும் அதே பயம்தான். வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் வாக்குக் கேட்டேன். பிள்ளைகளை வைத்திருக்கலாம் என்று நான்கு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர் யார் என்று கேட்டபோது அவருடைய ஒற்றைக் கை. அந்தக் கையை இறக்கிய கையோடு, "சரி, பிள்ளையளுக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து அவருடைய குசினியிலேயே எட்டுப் பேருக்கும் சமையல் நடந்தது. துணியால் மூடிய வாளியில் கஞ்சியோ சோறோ வேலியிலிருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் வரும்.

ஆனாலும் நாங்கள் அவருக்குப் பயந்தோம். அரிசி மில் வைத்திருந்த தேவசகாயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதிர்த்த ஆள் ஐயா. தன்ர பிள்ளையைக் காப்பாற்ற எங்கயாவது வாய் திறந்திட்டாவெண்டால்?" என்றார். அப்படிச் சொல்லாதேயுங்கள் என்றேன். சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நானும் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் ஒரு முற்பகலில் வந்தார்கள். மூப்பர் எல்லோரையும் முன்வளவுக்குக் கூப்பிட்டார்கள். பேசியவர் இளைஞர், மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குக் குலை நடுக்கத்தைத் தந்தது.

"நாங்கள் கோயிலுக்குள்ள வர விரும்பேல்லை. நீங்களே பிள்ளையளை அனுப்பி விடுங்கோ. இப்பிடி ஒளிச்சு வைக்கச் சொன்னது ஆர்?"

"மூப்பர் மன்றம்," என்றார் தேவசகாயம்.

"மன்றத்தை நாங்கள் ஏத்திக்கொண்டு போக ஏலாது. ஆளைச் சொல்லுங்கோ."

அந்த இளைஞர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "உங்களுக்குள்ள ஒராள் எதிர்த்ததாக் கேள்வி. அந்த ஆள் கையை உயர்த்தட்டும். அவற்ற வீட்டுப் பிள்ளையில நாங்கள் கை வைக்க மாட்டம். இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

கதை எப்படி மதிலைத் தாண்டியது என்று இன்றுவரை தெரியாது. யார் எதிர்த்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நேசமக்கா எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய வீட்டு ஜன்னல் எங்களுக்கு நேரே பூட்டிக் கிடந்தது. உள்ளே ஷாலினி இருந்தாள். ஒரு கை உயர்ந்தால் போதும். அந்தக் கை சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தது, உயரவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இவா..." என்று தொடங்கிவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் கதைக்காதேங்கோ. உங்களுக்கு வாக்கில்லை."

பிறகு அந்த இளைஞரிடம் சொன்னார்: "தம்பி, மன்றத்துக்குள்ள நாங்கள் ஆயிரம் கதைப்பம், சண்டை பிடிப்பம். வெளியில வாறது ஒரு முடிவுதான். அது என்ர முடிவும்."

இளைஞர் சிரித்தார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தப்பிவிட்டோம் என்று தேவசகாயம் நிலத்தில் முழங்காலில் விழுந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சிரிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை பக்கத்து வளவில் அலறல் கேட்டது. நான் ஓடிப்போய்ச் சேர, ஷாலினியை ஏற்றிய வாகனம் போய்விட்டிருந்தது. அக்கா முற்றத்தில், வெறும் மண்ணில் இருந்தார். குசினிக்குள் மண்டபத்துப் பிள்ளைகளுக்கு வைத்த கஞ்சி அடிப்பிடித்துக் கரிந்துகொண்டிருந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மன்றத்தைக் கூட்டும்படி தேவசகாயம் கேட்டார். அக்கா வரமாட்டார் என்று நினைத்தோம், வந்தார். பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், இந்த அம்மாவுக்கு முன்னால் இனியும் அவர்களை எப்படி வைத்திருப்பது என்று தேவசகாயம் அழுதபடி பிரேரித்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நான் வாக்குக் கேட்பதற்கு முன்பே அக்கா பேசினார்.

"அண்டைக்கு எனக்குப் பயம் இருந்தது, சொன்னன். இப்ப பயப்பிட என்னட்ட ஒண்டும் இல்லை. பிள்ளையள் இருக்கட்டும்."

பயமில்லாத நேசமக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேவசகாயம் பிரேரணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிள்ளைகள் இருந்தார்கள், கஞ்சியும் வேலிக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் ஊரே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, தாய் தகப்பனோடு அவர்களும் சனத்துக்குள் சனமாக நடந்தார்கள். அவர்களில் ஆறு பேரை நான் முகாமில் கண்ணால் கண்டேன்.

ஷாலினி வரவில்லை. முகாமுக்குப் புதிதாக ஆட்களை ஏற்றிய பஸ் எது வந்தாலும் அக்கா முள்வேலியோரம் போய் நிற்பார். இறங்குகிறவர்களிடம் மகளின் உயரத்தைக் கையால் காட்டிக் கேட்பார். திரும்பி வந்து, தண்ணீர் வரிசையில் நம் குடும்பங்களுக்குள் நடக்கும் சண்டையைத் தீர்க்க எங்களைக் கூடாரத்துக்குள் கூட்டி வைத்துக் கதைப்பார். ஒருநாள் நான் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்றைக்கு நீங்கள் கையை உயர்த்தியிருக்கலாம். ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டம்."

"நான் உயர்த்தியிருந்தால் உயர்த்தாத நாலு பேரும் ஆரெண்டு தெரிஞ்சிருக்கும். அவையளுக்கும் பிள்ளையள் இருந்தது, ஐயா."

அந்த நான்கு வீடுகளில் இதை வாசிக்கும் பிள்ளைகள் இருந்தால், உங்கள் தகப்பன்மார் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்லிவிட்டேன்.

நேசமக்கா எனக்கென்று விட்டுப்போனது ஒரு வேலை. பிடிபட்டுப் போய், போர் முடிந்தபின் தடுப்பு முகாம்களில் இருக்கும் பிள்ளைகளை இடையிடையே விடுவிக்கிறார்கள். அவர்களை ஏற்றிய பஸ் வவுனியாவுக்கு வரும் என்று கேள்விப்பட்டால் நான் போய் நிற்கிறேன். அவள் இறங்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இறங்கிவிடுவாளோ என்று பயப்படவும் செய்கிறேன். இறங்கினால் முதலில் அம்மா எங்கே என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அடுத்ததாக, ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் அவள், அம்மா ஏன் எனக்காகக் கையை உயர்த்தவில்லை என்று கேட்பாள். அதற்கு மன்றம் கூட்டிப் பதில் எடுக்க முடியாது. நான் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.