ஜுனைதா திறந்த பெட்டி

இஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியை மாத்தளை கராஜ்காரர்கள் 'கம்பியூட்டர் பெட்டி' என்பார்கள். அது பழுதானால் ஜுனைதாவிடம் வரும். 'நானா' என்று அவள் கூப்பிடும் அண்ணன் அன்ஸாரின் கராஜ் பின்னறையில் பதினொரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. வாடிக்கையாளர்களோடு பேசுவது அண்ணன்.

ஒரு வருடமாக அவள் திருத்திய பெட்டிகளில் சில மறுபடி பழுதாகித் திரும்பி வந்தன. "கை தளர்ந்திரிச்சி போல," என்றார் அன்ஸார், அன்பாகத்தான். அவள் மூக்குக் கண்ணாடியை மாற்றினாள். பற்றவைத்த இடங்களை மூன்று தரம் பார்த்தாள். வேலை முடிந்ததும் போனில் படம் எடுக்கத் தொடங்கினாள்.

ஒரு காலையில் தோட்டத்து டிரைவர் அழகமுத்து காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அன்ஸார் தம்புள்ளைக்குப் போயிருந்தார்.

"தம்புள்ள ரோட்டுல நாலந்தாகிட்ட வண்டி நின்னுருச்சுங்க தங்கச்சி. மாசமா இருக்கிற மக உள்ள இருந்தா. போன கெழமதானே செஞ்சு தந்தீங்க?"

ஸ்கேனரை மாட்டினாள். பெட்டியிலிருந்து அதற்குப் பதில் வரவில்லை. வயர்களில் கரண்ட் சரியாக வந்தது. பெட்டியைத் திறந்தாள். தண்ணீர் பட்டு உள்ளே பச்சை பூத்திருந்தது. அவள் புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் பழையது. போனில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த சுற்றுப் பலகையின் இலக்கமே வேறு; இது அவள் திருத்திய பெட்டி அல்ல. பெட்டி அடையாளம் காணாத சாவியால் கார் ஓடாது; காரின் சாவியைக்கூட இந்தப் பெட்டிக்குப் பழக்கியிருந்தார்கள். சாவியைப் பழக்கும் கருவி அன்ஸாரிடம் மட்டுமே உண்டு.

மத்தியானம் அவர் வந்ததும் படத்தை நீட்டினாள்.

"நீ செஞ்ச பெட்டி வேற ஒருத்தருக்கு அவசரமாத் தேவப்பட்டிச்சி, மாத்திக் குடுத்திட்டேன்," என்றார். "இதுவும் ஓடும்னு நெனச்சேன்."

"மத்ததெல்லாம், நானா? திரும்பி வந்த மத்தப் பெட்டியெல்லாம்?"

யாராவது வருகிறார்களா என்று அவர் கராஜ் வாசலைப் பார்த்தார்.

"என்ட கை போயிட்டுன்னு நான் எத்தன நாள் அழுதேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"தங்கச்சி, இத வெளிய சொல்லிராதே."

அவள் பெட்டியோடு பின்னறைக்குப் போனாள். பலகையில் அறுந்திருந்த மின்தடங்களை முடி போன்ற கம்பியால் இணைத்து, டிரான்சிஸ்டரை மாற்றினாள். பின்னேரம் கார் ஸ்டார்ட் ஆனது. அழகமுத்துவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்; இனி இங்கே வேலை செய்யப் போவதில்லை என்றும் சொன்னாள். அவர் காரின் பின்கதவைத் திறந்தார். பிறகு, "ஒங்க சாமானெல்லாம் ஏத்துங்க, வீட்டுல எறக்கி விடுறேன்," என்றார்.

இப்போது அவள் வீட்டு முன்னறையில் வேலை செய்கிறாள். பெட்டியைக் கொண்டு வருபவரை எதிரே உட்கார வைத்து, அவர் கண்முன்னேதான் திறக்கிறாள். பெருநாளுக்கு அன்ஸார் வந்தார். தேத்தண்ணி கொடுத்தாள். வேலையைப் பற்றி அவர் பேச்செடுத்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள்.