நீலத் தண்ணீர்

மகள் படம் வரையும் மேசையில் ஈரத்தாள் வாசம் எழும்போதெல்லாம், சிட்னியின் நார்த்மீட் பகுதியில் மிஸிஸ் ஹார்லோ ஓவியம் கற்பித்த கராஜ் நினைவுக்கு வரும்; இப்போது அங்கே மாடிக் குடியிருப்பு. இங்கிலாந்திலிருந்து வந்தவர், யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலேயும் தன் ஊர் மழைமேகத்தையே நீர்வண்ணத்தில் தீட்டுவார். நாங்கள் சிட்னிக்கு வந்த புதிது. தாகமென்று சொல்ல ஆங்கிலம் தெரியாமல், தூரிகை கழுவிய நீலத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தானும் அப்படித்தான் என்பதுபோல, நீலம் தோய்ந்த தன் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக் காட்டினார்.

வீட்டில் அம்மா, "ஏன் பிள்ளை வாயெல்லாம் நீலமாக் கிடக்கு?" என்றார்.

"ரீச்சர் இனிப்புத் தந்தவ."

அடுத்த கிழமை அம்மா அவரிடம், "தேங்க்யூ, சுவீட்டுக்கு" என்றார். மிஸிஸ் ஹார்லோ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "யெஸ், யெஸ்" என்று தலையசைத்தார். பிள்ளைகள் சிரித்தபோதுகூட என் முகம் அப்படி எரியவில்லை.