ஆறு வேளைக்காரர்கள்

வெந்த கொண்டைக்கடலையைச் சூடு ஆறுமுன் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, பதினொரு மணிக்குத் திறந்தால் குப்பென்று வருமே ஒரு வியர்த்த வாசனை, புதுப்பட்டினத்தில் நான் வளர்ந்த நாட்களை நினைத்தால் கடலுக்கு முன்னால் அதுதான் எனக்கு நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, மற்றது அக்கா மஞ்சுளாவுடையது. எனக்குக் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. அக்கா பள்ளியில் நெடுந்தூர ஓட்டக்காரி. தட்டு நிறையச் சாப்பிட்டும் கடைசிச் சுற்றில் அவளுக்குக் கால் துவண்டுவிடும். விளையாட்டு டீச்சர் அம்மாவை வரவழைத்துச் சொன்னார்: "மூணு வேளையும் மூக்குப் புடிக்கச் சாப்ட்டா இப்டித்தான். கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை குடுங்க. வயிறு முட்டவும் கூடாது, காயவும் கூடாது." அதே மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டரும் அச்சடித்தாற்போல் அதையே சொன்னார். "ரெண்டு பேரும் பேசி வச்சிகினு சொல்றாங்களா இன்னா?" என்று அம்மா அலுத்துக்கொண்டாளே தவிர, மறுநாளே அடுக்களையில் அலாரம் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

காலையில் முளைகட்டிய பயறு, அப்புறம் "நாஸ்தா", பதினொன்றுக்குச் சுண்டல், சாயங்காலம் படாளத்துச் சித்தப்பா வீட்டிலிருந்து வரும் கேழ்வரகில் அடை, முட்டையில் மஞ்சள் கரு அக்காவுக்கு, வெள்ளை அப்பாவுக்கு என்று அந்த இரண்டு பேருக்கும் ஒரு தனி உலகமே உண்டாகிவிட்டது. அப்பா ஷிப்டில் இருந்தாலும், அக்கா பள்ளி இடைவேளையில் இருந்தாலும், பதினொரு மணிக்கு இரண்டு டப்பாவும் திறந்தாக வேண்டும். விடுமுறை நாளில் எதிரெதிரே உட்கார்ந்து, மெல்லுவதில் யார் முந்துகிறார்கள் என்று போட்டி வேறு. வாசற்படியில் நின்று பார்க்கும் என்னை அப்பா "இன்னா மூணு வேளை, பசிக்குதா?" என்று சீண்டுவார். அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பசியில்லை, பொறாமைதான். சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாத வயதில், எனக்கும் அது வரக்கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒரே குக்கரில் வெந்த சாப்பாடுதான். அக்காவின் கெண்டைக்கால் நாளுக்கு நாள் இறுகிவந்தது. அப்பாவின் சட்டையோ தோளில் தொங்க ஆரம்பித்தது.

விடிந்ததும் அவள் கடற்கரையில் ஓடுவாள். மணலில் வெறுங்காலோடு ஓடினால் கால் உரம் ஏறும் என்பது டீச்சர் சொன்னது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்த அப்பா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னால் வருவார், அவரோடு நானும். செருப்பு மணலில் புதைந்து அவர் பின்தங்கிப் போக, ஒரு நாள் அக்கா திரும்பி நின்று, "செருப்பக் கழட்டிட்டு வாயேன்ப்பா" என்றாள். மகள் சொல்லிவிட்டாள் என்று அவரும் சிரித்துக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் வெறுங்கால்தான்.

கிளிஞ்சல் எப்போது காலைக் கிழித்தது என்று அப்பாவுக்கே தெரியாது. சர்க்கரை அவர் பாதத்திலிருந்து வலியை எடுத்துவிட்டிருந்தது. தெரிந்த பிறகும், "அவ செலக்‌ஷன் முடியட்டும்" என்று சாக்ஸுக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். வாடை அடித்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள்.

மாவட்ட அணிக்கான தேர்வு செங்கல்பட்டில். அப்பா சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியும் அதே ஊரில். காலில் புண், மருந்து வைத்துக் கட்டுகிறார்கள் என்று மட்டும்தான் அக்காவுக்குத் தெரியும். முந்தின நாளே அந்தக் காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டதை ஓட்டம் முடியும்வரை சொல்லக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பதினொரு மணிக்கு அவள் புழுதிக் காலோடு, மூடி திறக்காத டப்பாவோடு, அப்பாவுடன் சேர்ந்து சாப்பிட ஓடி வந்தாள். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாகப் படிந்து கிடந்தது.

"மொத ஆளா வந்தியா?" என்றார் அப்பா.

அவள் தலையாட்டினாள். பிறகு, "செருப்பக் கழட்டச் சொன்னது நான்தான" என்றாள்.

"அத உடு. மணி ஆச்சி பாரு. டப்பாவத் தொற."

அவள் திறக்கவில்லை. அணியில் பெயர் வந்தும் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆறு வேளையையும் விட்டுவிட்டு, என்னைப் போல மூன்று வேளைக்காரியானாள். அம்மா மட்டும் இரண்டு டப்பாவிலும் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தன் டப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடையதையும் வைத்துக்கொண்டு, "ஓடாட்டி போவுது, சாப்புடவாச்சும் வாயேன் மஞ்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் வரமாட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியாக மெல்லுவார். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கவே பயப்படுவேன். சில வருடங்கள் அப்படி மென்றுவிட்டு, ஒரு மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அவள் ஓடிய கரையில் இப்போது மணல் இல்லை. கடல் அரித்துவிட்டது, பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அம்மாவும் இல்லை, அந்த அலாரம் எங்கே போனதென்றும் தெரியவில்லை.

அக்கா கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களாம். சென்ற வாரம் பார்க்கப் போயிருந்தபோது பதினொரு மணிக்கு அவள் செல்போனில் அலாரம் அடித்தது. எழுந்து போய் இரண்டு டப்பாக்களை எடுத்துவந்தாள். அவையேதான், விளிம்பு நசுங்கியிருந்தது. அப்பாவுடையதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினாள்.

"மூணு வேளை, நீயும் உக்காரு" என்றாள். மூடியைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்தபடி இருந்தாள். "தனியா துன்ன முடியலடி. அப்பா எப்டித்தான் துன்னாரோ."